மரையில்லாத ஸ்க்ரூக்கள்

புக்கிட் தெங்காவில், பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் டிசைனர். எங்கள் அறையில் இரண்டே பேர். நானும், என்னைவிட ஆறு வயது மூத்த ஓர் அக்காவும். நான் கடலுக்கு அந்தப் பக்கத் தீவிலிருந்து பாலம் தாண்டி வருவேன். அக்கா இந்தக் கரையிலேயே இருக்கும் சுங்கை பாக்காப்பிலிருந்து வருவார்.

ஓர் இயந்திரத்தின் முழு வரைபடத்தையும் கணினியில் திறக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை ஆயிரம் பாகங்கள். அவசரப்பட்டு மௌஸைத் தொட்டால் திரை உறைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதுக் கணினி கேட்டோம். இருப்பதை வைத்துச் சமாளியுங்கள் என்றார் மேலாளர்.

காரணத்தைக் கண்டுபிடித்தது அக்காதான். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகத் திறந்து, எது எவ்வளவு நேரம் தின்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தவர், ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த ஸ்க்ரூவைப் பாரு. மரை மரையா வரைஞ்சு வச்சிருக்கோம். இது மாதிரி ரெண்டாயிரம் இருக்கு. இந்த மரையை யாரு பாக்கப் போறா?"

"மோட்டாரும் இப்படித்தானாக்கா?"

"அது இன்னும் மோசம். விக்கிறவன் வெப்சைட்ல இருந்து அப்படியே இறக்கிட்டோம். உள்ள இருக்கற பல்சக்கரம் வரைக்கும் இருக்கு. நமக்கு வெளிக்கூடு போதும்லா."

மூன்று வாரம் அதே வேலையாக இருந்தோம். ஸ்க்ரூக்கள் வெறும் உருளைகளாயின, மோட்டார்கள் வெறும் கூடுகளாயின. அடுத்த கட்டடத்து சர்வரில் கிடந்த கோப்புகளை எங்கள் கணினிக்கே கொண்டுவந்தோம். அக்கா சொல்லச் சொல்ல நான் செய்தேன். அரை மணி நேரம் மூன்று நிமிடமானது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் கேட்டார், இதை யார் செய்தது என்று. அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும், அதற்கு அவர் எப்போதும் கொஞ்சம் தயங்குவார். நான் தயங்கவில்லை.

"நான்தான் எல்லாத்தையும் மாத்தினேன்," என்றேன்.

"பாகூஸ்லா!" என்று மலாயில் பாராட்டி மேலாளர் என் தோளைத் தட்டினார். அக்கா குனிந்து தன் நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். வேலை இப்போது வேகமாக நடக்கிறது, டிசைனுக்கு ஓர் ஆள் போதும். அக்கா தன் மேசையைக் காலி செய்தபோது பெட்டியைத் தூக்கப் போனேன்.

"வேணாம், கனமில்ல," என்றார்.

மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்ல அப்போதும் நேரமிருந்தது. போகவில்லை. வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கும் அதெல்லாம் இருந்தது. இன்று இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்கிறேன். பாராட்டு அந்த ஒரு நாளோடு சரி.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, புக்கிட் மெர்தாஜாம் பசாரில் மீன் கடை முன்னால் அக்காவைப் பார்த்தேன். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் ஸ்டோர் பார்க்கிறாராம். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பிறகு, குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"அன்னைக்கு என் பேரைச் சொல்ல வாய் வரலையா தம்பி, இல்ல சொல்லக் கூடாதுன்னே நெனச்சியா?"

"வாய் வரலக்கா," என்றேன்.

அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டினார். மீன்காரர் நீட்டிய பையை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.