கிளையில் தெரிந்த வெள்ளைத் திட்டு

காலை ஒன்பது நாற்பதுக்குத் தொலைபேசி அதிர்ந்தது. கண்டியில் நான் படிப்பிக்கும் பாடசாலையில், தரம் ஏழு வகுப்பில் நின்றிருந்தேன். பாட நேரத்தில் எடுப்பதில்லை. மகள் என்று கண்டதும் எடுத்துவிட்டேன்.

“அம்மா, குளவி!”

பின்னால் வேறொரு பெண்ணின் குரல். “படு புள்ள! ஓடாத, படு!” செடிகள் முறியும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

மகள் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறாள். புசல்லாவைக்குப் பக்கத்தில், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், சிறுத்தைகள் எந்த வழியாக நடமாடுகின்றன என்று ட்ரோன் பறக்கவிட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தாள். சிறுத்தையைத் தோட்டத்தில் புலி என்றுதான் சொல்வோம். லயத்து வீடுகளின் நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போன பிறகு, கொழுந்தெடுக்கும் பெண்கள் மலைக்குப் போகவே பயந்தார்கள். புலி எந்த மலையில் படுத்திருக்கிறது என்று இவள் விடியற்காலையில் சொன்னால், அன்றைக்கு அவர்கள் வேறு மலைக்குப் போவார்கள். ட்ரோனில் இருப்பது சூட்டைக் காட்டும் கமரா. குளிர்ந்த செடிகளுக்கு நடுவே உயிருள்ள உடம்பு வெள்ளையாகத் தெரியும். ட்ரோனை இறக்கியதும் எனக்கு ‘இறக்கிட்டேன்’ என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். அது நான் போட்ட நிபந்தனை. அன்று அந்த வரி வரவில்லை.

அதிபரிடம் சொல்லிவிட்டு குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு ஓடி, நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன். கம்பளை வரை விடாமல் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பஸ்ஸில்தான் அது நினைவுக்கு வந்தது. அவள் வேலையைத் தொடங்குமுன், சாப்பாட்டு மேசையில் ஒரு கொப்பித் தாளில் அந்த மலைகளை நான்தான் வரைந்து கொடுத்தேன். பாறைக்குப் பக்கத்தில் பெரிய யூகலிப்டஸ் மரம். அதன் கிளையில் புலி படுத்திருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி, மரத்தைச் சுற்றி வட்டமும் போட்டேன். புலிக்குக் கிட்டப் போகாதே, தனியாக நடக்காதே என்று ஆயிரம் புத்திமதி சொன்னேன். அதே மரத்தைக் கடக்கும்போதெல்லாம் என் அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு நடந்ததைச் சொல்லவில்லை. மேலே குளவிக்கூடு இருந்தது. நான் மறைக்கவில்லை. மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

புசல்லாவையில் இறங்கி முச்சக்கரவண்டிக்காரரிடம் கேட்டேன்.

“குளவி கொட்டின ஆளுங்களா? லொறியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ஒரு டவுன் புள்ளயும் இருந்திச்சு.”

“உயிரோடயா?”

“சத்தம் போட்டு அழுதுகிட்டுல்ல போச்சு. ஏறுங்க, ஏறுங்க.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மகளின் கழுத்தும் காதும் வீங்கியிருந்தன. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அந்த அக்கா வந்துட்டாங்களா?”

அன்று பனிமூட்டம் விலகத் தாமதமாகிவிட்டதாம். ட்ரோனை ஏற்றும்போதே பெண்கள் மலைக்குள் இறங்கியிருக்கிறார்கள். திரையில், அந்த மரத்தின் கிளையில், வெள்ளையாக ஒரு திட்டு.

“புலின்னு நெனச்சேம்மா. நீங்க வட்டம் போட்ட அதே மரம். கீழ ஆளுங்க நிக்கிறாங்களேன்னு, சரியா பாத்து சொல்லத்தான் ட்ரோன கிட்ட கொண்டு போனேன். அந்த வெள்ள அப்பிடியே உதிர்ந்து பறந்திச்சு.”

குளவிகள் மொய்த்திருக்கும் கூட்டுக்கும் சூடு உண்டு.

ஓடிய இவளைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, செடி கீறாமலிருக்கத் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து இவள்மேல் மூடியவள்தான் அந்த அக்கா. பிறகு குளவிகள் துரத்த, ஓடைப் பக்கம் ஓடியிருக்கிறாள். லொறியில் மற்றவர்களை ஏற்றியபோது அவளைக் காணவில்லை.

வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மகள் என் கையை விடவில்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் விரல்கள் இறுகின. ஒருத்தி செத்துவிட்டால் என் மகள் இனி எப்படி வாழ்வாள் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் என் மகளைப் பற்றித்தான் நினைத்தேன்.

இரண்டு மணிக்கு மேல் ஒரு ட்ரெக்டர் வந்து நின்றது. இரண்டு பேர் தோளைப் பிடித்திருக்க, அந்த அக்கா நடந்து வந்தாள். தலைமுடியெல்லாம் ஓடைத் தண்ணீர். ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. மகளின் கட்டிலைத் தாண்டும்போது நின்றாள்.

“பொழச்சிக்கிட்டியா? ஒன் காத்தாடி மரத்துலயே தொங்குது. ஏறி எடுத்துக்க.”

மகள் அழுதாள். அந்தப் பெண் திறந்திருந்த கண்ணால் என்னைப் பார்த்தாள்.

“நீங்க நம்ம தோட்டத்துல பொறந்த ஆளுதானாமே டீச்சர். அந்த மரத்த பத்தி புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”