பகல் திருமணத்துக்குப் பழுப்புக் கோட்டு

தேவாலய வாசலில் என் தம்பி நின்ற கோலம் இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. முழங்கால் வரை பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட கம்பளித் துணி, ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டுகிற கில்ட். மேலே பளபளப்பே இல்லாத பழுப்புக் கோட்டு. இடுப்புக்கு முன்னால் தொங்கும் சாதாரணத் தோல் பை. அந்த நாட்டுக் கப்பல் பட்டறையில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணை மணந்துகொண்டவன் அவன். என் மகளின் திருமணத்துக்காக மனைவியோடும் கைக்குழந்தையோடும் மலேசியாவில் எங்கள் ஊரான ஈப்போவுக்கு வந்திருந்தான். காலை வெயிலில் நெற்றி வியர்க்கச் சிரித்துக்கொண்டே, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டான்.

நான் அப்போது ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். ஊரில் மரியாதை உள்ளவன் என்ற நினைப்பு எப்போதும் தலையில் உட்கார்ந்திருந்த காலம். வாசலில் நின்ற இளைஞர்கள் "பாவாடை" என்று முணுமுணுத்துச் சிரித்தது காதில் விழுந்தது. அதைவிட என்னைச் சுட்டது அந்தக் கோட்டுதான். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் ஸ்காட்லாந்துக்காரத் துரை ஒருவர் இருந்தார். கிறிஸ்துமஸ் அன்று கில்ட் கட்டிக்கொண்டு பங்களாப் படியில் நிற்பார். எங்கள் அப்பா லயத்து வீடுகளின் கூலி ஆட்களோடு கீழே வரிசையில் நிற்பார். துரையின் துணியைக் கட்டியதும் போதாதென்று, அந்தத் துரை ரப்பர் வேலைக்காட்டைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது போடுகிற மாதிரிக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் மகள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறானே என்று கொதித்தேன். "உள்ள வராத. மொதல்ல போயி இந்தப் பாவாடையக் கழட்டிட்டுக் கால்சட்ட, சிலுவார் ஏதாச்சும் மாட்டிட்டு வா. இல்லாட்டி அப்படியே போயிடு," என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். "அண்ணே, இது மாமனார் குடுத்த துணி," என்றான் தணிந்த குரலில். "அப்ப மாமனார் வீட்டுலயே கட்டிக்க," என்றேன். அவன் மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு காருக்குத் திரும்பி நடந்தான். விருந்தில் என் மகள் சித்தப்பாவைத் தேடினாள். அவனுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். அதன்பிறகு நானும் அவனும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கைக்குழந்தைக்குத்தான் இந்த ஆண்டு எங்கள் ஊர்ப் புந்தோங் பகுதிப் பெண் ஒருத்தியோடு திருமணம் நிச்சயமானது. அழைத்தது தம்பி அல்ல, அவன் மகன். ஸ்காட்லாந்தில் வளர்ந்தவன், ஆனால் பேசுவது அப்படியே என் தம்பியின் தமிழ். "பெரியப்பா, காலையில ஈப்போ சர்ச்சுலதான் கல்யாணம். வேட்டின்னாலும் சரி, கில்ட்டுன்னாலும் சரி. நீங்க வந்தா போதும்லா."

"அப்பா என்ன சொன்னான்?"

"அப்பா ஒண்ணும் சொல்லல, பெரியப்பா."

அன்றே முடிவு செய்தேன், கில்ட்தான் என்று. மன்னிப்பு என்ற ஒரு சொல்லைத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் நான் அவனை அவமானப்படுத்தியது ஊர் பார்க்க. அதைத் திருத்துவதும் ஊர் பார்க்கத்தான் நடக்கவேண்டும். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "கெழவனுக்குப் பாவாடை ஆச வந்துருச்சா? ஊரே சிரிக்கும்ங்க." சிரிக்கட்டும் என்றேன். "முட்டியாச்சும் மறையுமா?" "பாதி மறையும்." அவளே சிரித்துவிட்டாள்.

ஸ்காட்லாந்தில் குடும்பத்துக்கு ஒரு கட்டம் உண்டு; அதில் எதுவும் எனக்குச் சொந்தமில்லை என்பதால் கட்டமே இல்லாத கரும்பச்சையில் ஒன்றை வரவழைத்தேன். கோட்டு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. நமக்குக் காலையில் நடக்கிற கல்யாணம்தான் பெரிது. பட்டும் நகையும் வெளியே வருவது அப்போதுதான். ஆகவே இருப்பதிலேயே பகட்டானதாக, வெள்ளிப் பொத்தான் வைத்த குட்டையான கறுப்புக் கோட்டு ஒன்றை ஈப்போத் தையற்காரரிடம் தைத்து வாங்கினேன். முன்னால் தொங்கவிட வெள்ளை முடி வைத்த பையும் வாங்கினேன். எல்லாவற்றையும் மாட்டிப் படமெடுத்துத் தம்பி மகனுக்கு அனுப்பியதும் உடனே அழைத்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

"பெரியப்பா, இது ராத்திரி விருந்துக்குப் போடறதுலா! பகல் கல்யாணத்துக்கு வர்றவங்க மினுக்கக் கூடாது. ட்வீட்னு சொரசொரப்பான கம்பளிக் கோட்டு, சாதாத் தோல் பை, அவ்வளவுதான். மாப்பிள்ளையவிடத் தூக்கலாத் தெரியாம வர்றதுதான் அங்க மரியாத."

"என்ன நிறத்துல?"

"பழுப்பு நல்லாருக்கும். அப்பாகிட்ட ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு வாட்டிதான் போட்டாராம். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு."

பேச்சை முடித்துவிட்டு அந்த வெள்ளிப் பொத்தான்களோடு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்று அவன் அலட்சியமாக வரவில்லை. என் வீட்டு மாப்பிள்ளையைவிட, என் மகளைவிட, என்னைவிடக் கீழே தெரியவேண்டும் என்று பார்த்துப் பார்த்து உடுத்தி வந்திருக்கிறான். அவன் எனக்குக் கொடுத்த மரியாதையைத்தான் நான் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளிடம், தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள் என்று சொன்னவன், சொந்தத் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் தையற்காரரிடம் போய்ப் பழுப்பில் ஒன்று தைக்கச் சொன்னேன். "சார், இந்தத் துணியில வெந்துபோவீங்க," என்றார். தைங்க, பரவாயில்லை என்றேன்.

திருமணத்தன்று, கில்ட்டோடு வழக்கமாகக் காலுறையில் செருகும் சிறு கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். தேவாலயத்துக்குக் கத்தி எதற்கு? மற்றதெல்லாம் சொன்னபடி. வாசலில் நின்ற இளைஞர் கூட்டத்தில் ஒருவன், "மச்சான், தாத்தா ஸ்டைலப் பாரு," என்றான். நிமிர்ந்து நடந்தேன். விருந்தாளிதானே என்று கடைசி வரிசைக்குப் போனேன். முன்னால் நின்றுகொண்டிருந்த தம்பி திரும்பிப் பார்த்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன் கறுப்புக் கால்சட்டையும் கோட்டும் அணிந்திருந்தான். தன் மகன் கல்யாணத்துக்கும் ஈப்போவில் அவன் கில்ட் கட்டவில்லை. யாரால் என்று எனக்குத் தெரியும்.

மெல்ல நடந்து வந்தான். முழங்காலைப் பார்த்தான், தோல் பையைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான். பக்கத்து வரிசைகளுக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்: "அன்னிக்கு நீ சரியாத்தான் உடுத்தியிருந்த. நான்தான் ஒண்ணும் தெரியாம ஒன்ன வெரட்டிட்டேன். என்ன மன்னிச்சிரு."

"தெரியும்லா," என்றான். சிரிக்கவில்லை. நான் அந்தக் கடைசி வரிசையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயோ, அப்படி இல்லண்ணே! எந்திரி. பின்னாடி மடிப்பத் தடவி விட்டுட்டு ஒக்காரணும். கசங்கிப் போயிரும்."

பக்கத்திலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எழுந்தேன். அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

"இங்க வேணாம், முன்னாடி வா. மாப்பிள்ளையோட பெரியப்பா கடேசியில ஒக்காந்தா நல்லாவா இருக்கும்?"

அவன் பின்னாலேயே நடந்தேன். முன்வரிசையில் அவன் காட்டிய இடத்தில், ஊர் பார்க்க, இரண்டு கைகளாலும் மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.