நஸீமா சாச்சி சிரித்த பக்கங்கள்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்துச் செய்தி வந்தபோது நாங்கள் கணிதப் பாடத்தில் இருந்தோம். "மர்ஹூம் ஜவ்பர் அவர்களின் மனைவி வபாத்தானார்கள்" என்றுதான் சொன்னார்கள். அவருடைய பெயரைச் சொல்லவில்லை. ஊரில் இறந்துபோன ஜவ்பர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். நான் கணக்கைச் செய்துகொண்டிருந்தேன். மணி அடித்த பிறகுதான் பின் வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி, "வெங்காயக் கொட்டில் நஸீமாவாம்டி. டெங்குக் காய்ச்சலாம்" என்றாள்.

அவரை அறிந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். வாப்பா விழித்துக்கொண்டால் இந்தத் தாள் அடுப்புக்குப் போகும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நஸீமா சாச்சி எங்கள் சொந்தக்காரர் இல்லை, பக்கத்து வீடு. தொண்ணூறில் முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர்; அப்போது சின்னப் பிள்ளையாம். சண்டை முடிந்து சிலர் திரும்பிப் போனார்கள். அவர் கற்பிட்டிப் பாதையில் வெங்காயம் வெட்டும் கொட்டிலில் வேலை செய்துகொண்டு இங்கேயே இருந்துவிட்டார். சனிக்கிழமைகளில் நான் அங்கே போய் நூலகத்துப் புத்தகங்களைச் சத்தமாக வாசிப்பேன். நகைச்சுவைப் புத்தகம்தான் வேண்டும் என்பார்கள் அங்கே வேலை செய்யும் பெண்கள். வெங்காயத்தால் எல்லோருக்கும் கண்ணீர் வழியும். அந்தக் கண்ணீரோடு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். ஓம், நீங்கள்தான். இப்போது இல்லை என்று சொல்லாதீர்கள்.

நஸீமா சாச்சி மட்டும் எளிதில் சிரிக்கமாட்டார். குண்டான மனைவியைக் கேலி செய்யும் ஒரு கதையை வாசித்து முடித்ததும், எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன். வெங்காயத் தாளை நறுக்கியபடியே சொன்னார்: "முதல் தரம் சிரிச்சன். ரெண்டாந்தரம் அதே பகிடிய அந்தப் பொண்டாட்டிக்காகப் பொறுத்தன். மூணாந்தரமும் வருது. இனி அவள் இவன விட்டுட்டுப் போனா வந்து செல்லு, சிரிக்கிறன்." கொட்டில் முழுவதும் கத்திகளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. அந்தக் கதைக்கு அவ்வளவு சிரிப்புக் கிடைக்கவில்லை.

நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்பவர்களைப் பற்றிய கதை ஒன்று. ஒருவன் தன் செருப்பை வரிசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறான். திரும்பி வந்தால் செருப்புக்கு அரிசி கொடுத்துவிட்டார்கள், அவனுக்கு இல்லை. கொட்டிலில் ஒருவர் முகம் சுளித்து, "அகதிகளப் பாத்துச் சிரிக்கிறதா?" என்று கேட்டார். அன்றைக்கு நஸீமா சாச்சி மூச்சுத் திணறச் சிரித்துக்கொண்டிருந்தார். "அது நான் நிண்ட கியூ, ராத்தா. நான் சிரிப்பன்" என்றார்.

ஒரு புத்தகம் மிகவும் பிடித்துப்போனால் வாங்கிக்கொண்டு போய்த் தனியாகவும் வாசிப்பார். சிரிப்பு வந்த பக்கத்தில் மேல் மூலையை மடிப்பார். எழுத்தாளர் சிரிக்கச் சொல்லியும் சிரிப்பு வராத பக்கத்தில் கீழ் மூலையை மடிப்பார். நூலகத்து மிஸ், "யாரு இந்தப் புத்தகங்கள்ட காதையெல்லாம் முறுக்கினது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன்.

சரி, சொல்லப் பயந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜவ்பர் சாச்சா கடலில் மவுத்தான பிறகு நஸீமா சாச்சி இத்தாவில், நான்கு மாதமும் பத்து நாளும் துக்கம் காத்து வீட்டுக்குள் இருந்தபோது, அவருக்குச் சிரிப்புப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். பாடப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோவேன். ஒரு நாள் முன்னறையில் பெண்கள் கூடியிருக்க, உள்ளறையிலிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. சாச்சாவின் மூத்த சகோதரி, சாச்சியின் மதினி, எழுந்து ஓடி வந்தார்.

"அல்லாஹ்வே! இத்தாவில இரிக்கிறவள் சிரிக்கிறாளா? ஊர் என்ன செல்லும்?"

நஸீமா சாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழுது முடியல்ல மதினி. நடுவுல ஒரு பக்கம், அவ்வளவுதான்" என்றார்.

"ஆரு இதக் கொண்டுவந்தது?"

"வீட்டுல கெடந்தது."

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இப்போது அவர் போய்விட்டார். பள்ளிக்கூடச் சுவர்ச் சஞ்சிகைக்கு நினைவஞ்சலி எழுதும்படி ஆசிரியை என்னிடம்தான் கேட்டார். இத்தாவை விட்டுவிட்டு, குண்டு மனைவியையும் செருப்பையும் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை வாசித்துவிட்டு, "மகள், மவுத்தானவங்களப் பத்தி இப்பிடியெல்லாம் எழுதப்படாது. பொறுமைசாலி எண்டு எழுதுங்க" என்றார். சிவப்புப் பேனா இறங்கியது. சுவரில் இப்போது இருப்பது: 'அன்னார் அதிகம் பேசாதவர். பொறுமையின் உறைவிடம்.' கீழே என் பெயர்! கொட்டில் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "நல்லா எழுதியிரிக்கிறா புள்ள" என்றார்கள். அதிகம் பேசாதவராம். உங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே அதைப் படித்து!

நஸீமா சாச்சி ஒரு தடவை என்னை ஏசியிருக்கிறார். பழைய எழுத்தாளர் ஒருவரின் புத்தகத்தை அவர் கீழ் மூலை கீழ் மூலையாக மடித்துக்கொண்டு போனபோது, "பாவம் சாச்சி, வயசான மனுசன் கஷ்டப்பட்டு எழுதியிரிக்கிறாரு" என்றேன். "பாவம் பாத்து அழலாம் புள்ள. பாவம் பாத்துச் சிரிக்க ஏலாது. அது அந்த மனுசனுக்குச் செய்ற மோசம்" என்றார். பாவம் பார்த்துப் புகழ்வதும் மோசம்தான் என்று சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. யாரிடம் சொல்வது?

அவரைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று தலைமாட்டில் ஒரு புத்தகம் கிடந்தது. மதினி அதை என் கையில் திணித்து, "இத லைப்ரரியில குடுத்துடு. இனி இந்த வீட்டுக்கு இது வேணாம்" என்றார். நான் இன்னும் கொடுக்கவில்லை. பாதி வரைக்கும் மேல் மூலைகளாக மடிந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு மடிப்பும் இல்லை.

மிச்சப் பாதியை இன்றிரவு உம்மாவின் ஃபோன் வெளிச்சத்தில் வாசித்து முடித்தேன். எப்படியாவது சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவருக்காக ஒரு பக்கத்திலாவது. வரவில்லை. பாதிக்குப் பிறகு கதை நொண்டுகிறது. பகிடிகள் பழசு. மேல் மூலையைப் பிடித்துப் பார்த்தேன், விட்டுவிட்டேன். பிறகு கீழ் மூலைகளை ஒவ்வொன்றாக மடித்தேன். என்னுடைய முதல் மடிப்புகள் இவை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தக் கீழ் மூலைதான். அல்லாஹ் அவருடைய கப்றுக் குழியை வெளிச்சமாக்கட்டும். அங்கே யாரும் அவரைப் பொறுமைசாலி என்று அலுப்படிக்காமல் இருக்கட்டும்.

நாளைக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். யார் மடித்தது என்று மிஸ் கேட்பார். எனக்குப் பயம்தான். ஆனாலும் இந்தத் தடவையாவது அவருடைய பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: பாதி வரைக்கும் நஸீமா சாச்சி, மிஸ். மிச்சம் நான்.