ஒப்பந்தத்தின் இந்தப் பக்கம்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை அச்சுகளில் மண் கூழ் ஊற்றுவது ஆக்னஸுக்கு வேலை. 2003 கடைசியில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அக்கா அன்னமேரியின் கடிதம் வந்தது. தங்களுக்குக் குடியுரிமை தந்து அங்கே பார்லிமெண்டு சட்டம் போட்டுவிட்டதாம். நீயும் திரும்பி வந்துவிடு என்று எழுதியிருந்தாள்.

1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் போட்ட ஒப்பந்தம், தோட்டத்துத் தமிழர்களை இத்தனை லட்சம் அங்கே, இத்தனை லட்சம் இங்கே என்று பிரித்தது. அப்பா இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார். எழுபதுகளில், பத்தொன்பது வயதில் ஆக்னஸ் அவரோடு கப்பலேறினாள். கல்யாணமாகியிருந்த அக்கா புருஷனோடு அங்கேயே தங்கினாள். அங்கே குடியுரிமை கேட்ட அவர்கள் மனு தள்ளுபடியாகி, எந்த நாட்டையும் சேராதவளாகவே இருந்தாள். இங்கே அப்பா இறந்துபோனார், பிறகு கணவன் ஸ்தனிஸ்லாஸும் போனார். ஞாயிறு பூசை முடிந்து கோயிலை விட்டு வந்தால், மறுநாள் வேலைக்குப் போகும்வரை ஆக்னஸ் வாய் திறக்கத் தேவையிருக்காது.

கடிதத்தோடு வக்கீல் பழமலைநாதனைப் பார்த்தாள். அவர் அந்தச் சட்டத்தை வரவழைத்துப் படித்தார். 64 அக்டோபரிலிருந்து அங்கேயே இருப்பவர்களுக்கும் அங்கே வசிக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும்தான் அது செல்லும் என்றார்.

"என்னை அனுப்புனது ஒப்பந்தந்தானேங்க. அத நம்ம பார்லிமெண்டு மாத்தாதா?"

"ஒப்பந்தத்துல சர்க்காரு கையெழுத்துப் போடும்மா. அதுக்கு பார்லிமெண்டக் கேக்கணும்னு நம்ம அரசியல் சட்டத்துல இல்ல. ஆனா யாரு எந்த நாட்டு ஆளுன்னு சட்டந்தான் சொல்லணும். அவங்க நாட்டுக்கு அவங்க பார்லிமெண்டு, நம்ம நாட்டுக்கு நம்ம பார்லிமெண்டு."

"எங்களயும் யாரும் கேக்கலீங்க" என்றாள் ஆக்னஸ்.

அவர் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். உங்க அக்கா இனிமே பாஸ்போர்ட் எடுக்கலாமே என்றார்.

அன்னமேரி 2005 மே மாதம் வந்தாள். ஒரு மாத விசா. ஸ்டேஷனில் இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். வெயில் தாங்காமல் அக்கா ஈரத்துணியைப் போர்த்தியே படுத்துக் கிடந்தாள். ஒருநாள் தன் புதுப் பாஸ்போர்ட்டையும், தங்கை பெட்டியிலிருந்த பழைய இந்தியப் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் பிறந்த ஊர் ஒன்றுதான்.

"வந்துடு ஆக்னஸ்."

"சட்டம் வுடாதுக்கா. வூடும் இங்கதான இருக்குது."

முப்பதாம் நாளுக்கு முன்பே ஆக்னஸ் அக்காவைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டாள். அதன்பின் இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை; கடிதம் மட்டும் வந்தது. ரயிலேற்றிவிட்ட அன்று மதியமே ஆக்னஸ் வேலைக்குப் போனாள். அக்கா போயிட்டாங்களா என்று உடன் வேலை செய்யும் பெரியநாயகி கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு, அச்சில் ஊற்றிய கூழ் இறுகும்வரை காத்திருந்தாள்.