ஏலம் எடுத்த புளியமரங்கள்

1. மழை பெய்யவில்லை. கிணறுகள் வற்றின. நடவு, களையெடுப்பு என்று யாருக்கும் கூலி வேலை இல்லை.
2. அப்பா இரண்டு வெள்ளாடுகளையும் விற்று, கச்சிராயபாளையம் சாலையோரம் மூன்று புளியமரங்களின் மகசூலை ஏலம் எடுத்தார்.
3. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் வந்தது. அப்பாவும் முன்னால் நின்று கோஷம் போட்டார். சாலையை மறிக்க மரம் வெட்ட முடிவானது.
4. அப்பா முதலில் வெட்டியது தன் மரத்தை.

வரிசைப்படுத்தினால் எந்தப் பழுதும் பிடிபடும் என்று பாலிடெக்னிக்கில் பழகியவள் நான். மூன்றிலிருந்து நான்குக்கு அவர் எப்படிப் போனார் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்று காலை பள்ளி இல்லை என்று தெரிந்து, வேடிக்கை பார்க்கச் சாலைக்கு ஓடினேன். மரத்தில் பிஞ்சு சரம் சரமாகத் தொங்கியது. அந்த வருடம் முழுக்க எங்களுக்குச் சோறு அதுதான். அம்மாவின் அண்ணன் கோடாலியை ஊன்றிக்கொண்டு, "மச்சான், உன் மரத்த வுட்டுடு. அப்பால இருக்கறத சாய்ப்போம்" என்றார்.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "ஆமா, கோஷம் போடறவரு மரம் நிக்கட்டும். ஊரான் மரந்தான் சாவணும்."

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு மாமாவிடம், "அதையும் எவனோ ஏலம் எடுத்துக்கிறான். அவன் வூட்ல அடுப்பு எரிய வாணாமா?" என்று சொல்லிவிட்டுக் கோடாலியை வாங்கினார். நியாயத்துக்காக வாங்கினாரா, கிண்டல் பொறுக்காமல் வாங்கினாரா? இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்துவிட்டன. அவர் முதல் மரத்தைச் சாய்த்ததும், கூச்சம் விட்டுப்போன மற்றவர்கள் எங்களுடைய மற்ற இரண்டையும் சாய்த்தார்கள். அதற்குள் சாலை அடைபட்டுவிட்டதால் பக்கத்து மரங்கள் தப்பின.

செய்தி கேட்டு அம்மா ஓடி வந்தாள். "பொண்ணுக்கு சீட்டு வாங்கறேன்னு அவ சோத்தையே வெட்டிக்கினு நிக்கிறியே, இன்னா மனுசன்யா நீ?"

"எல்லார் வூட்டுப் புள்ளைக்குந்தான்டி" என்றார் அப்பா.

அம்மா சாலையில் கிடந்த கிளைகளுக்குள் புகுந்து முந்தானை நிறையப் பிஞ்சு பறித்தாள். வேடிக்கை பார்த்த பெண்களையும் கூப்பிட்டாள். "வாங்கடி, காயறதுக்குள்ள பறிச்சிக்குங்க. எங்க வூட்டு விருந்து." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிவந்திருந்தது. பேருந்து ஓடாத அந்த நாட்களில் தெரு முழுக்கக் கேழ்வரகுக் கூழும், பிஞ்சோடு மிளகாய் வைத்து இடித்த துவையலும்தான். பல் கூசிப்போய் நாங்கள் கூழைக்கூட மெல்ல உறிஞ்சினோம்.

ஏலப்பணம் திரும்பவில்லை. அம்மா கல்வராயன் மலையடிவாரத்தில் கடுக்காய் பொறுக்கப் போனாள். அப்பா எலவனாசூர்கோட்டைப் பக்கம் கிணறு தூர்வாரப் போனார். சில காலம் ஒரு வேளைதான் உலை வைத்தோம்.

பிறகு தனி ஒதுக்கீடு வந்தது. எனக்கு மின்னியல் பட்டயப் படிப்பில் இடம் கிடைத்தது. என் மதிப்பெண்ணும் மோசமில்லை. எது இடம் வாங்கித் தந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு துணைமின் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா அப்பாவிடம் கேட்கிறாள்: "அந்த மரம் நின்னிருந்தா இவளுக்கு சீட்டு கெடச்சிருக்காதா?"

"அத அவளையே கேளு" என்கிறார் அப்பா.

இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். வீடு என் சம்பளத்தில் நடக்கிறது. புளியை அம்மா கடையில் வாங்குகிறாள்.