கழுகுக்கா வந்தோம்?

“...பாறையப் பாக்க வந்தோமா, கோழித்தோல் வீசுறதப் பாக்க வந்தோமா, அண்ணே?” என்று படகுக்காரரிடம் பாய்கிறார் தனம் அக்கா. கிள்ளான் டவுனில் புடவைக்கடையில் வேலை. வருசம் முழுக்க டியூப்லைட் வெளிச்சந்தான். லீவு போட்டு எங்களோடு இந்தத் தீவுக்கு வந்திருக்கிறார்.

எதிரே கடலைப் பிளந்து செங்குத்தாய் நிற்கிறது பாறை. அடியில் அலை குடைந்த குகைகள் உறுமுகின்றன. படகில் அதை யாருமே ஏறிட்டுப் பார்க்கவில்லை. தோலுக்குப் பாயும் கழுகுகளைப் படம்பிடிக்க முண்டியடிக்கிறார்கள். எனக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

“பாறை எங்கக்கா ஓடிடப் போவுது?” சிரிக்கிறார் படகுக்காரர்.

“அது ஓடாதுலா. நான்தான் போவணும். நாளைக்குக் கடை.”

படகுக்காரர் அடுத்த பிடி தோலுக்கு வாளிப் பக்கம் கை நீட்டுகிறார். அதற்குள் அக்கா வாளியை இழுத்து, மூடி போட்டு, பாறையைப் பார்த்தபடி வாளிமேலேயே உட்கார்ந்துகொள்கிறார்.