கருப்பசாமிக்கும் மதுவிலக்கு

நோயாளி டாக்டரிடம் நாக்கை நீட்டுவான், கம்பவுண்டரிடம்தான் அதை ஆட்டுவான். இந்தத் தொழிலில் சீரழிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் நான் மருந்து கலக்கிய காலம், மதுவிலக்குக் காலம். சாராயம் கூடாது என்பது சட்டம். எங்களிடம் வந்த ஈரல் நோய்க்காரர்களிடம் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர்களில் என் பிராணனை வாங்கியவர் செம்பட்டிப் பக்கத்து வீரணன்.

கழுவின பாட்டில்

அப்போதெல்லாம் மிக்சர் என்கிற தண்ணீர் மருந்து வாங்க நோயாளிதான் பாட்டில் கொண்டுவர வேண்டும். வீரணன் நீட்டிய பாட்டிலை மோந்து பார்த்தேன், சாராய நெடி. மஞ்சள் கண், வீங்கின கால், பானை வயிறு, இதில் இந்த வாடை வேறா! வெந்நீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். மனுஷர் பதறிப்போனார்.

"அடப்பாவி, அடியில கொஞ்சம் கெடந்துச்சே! அது சேந்தாத்தானய்யா உங்க மருந்த வாயில வைக்க முடியும்!"

துணைக்கு வந்தவர்

"குடியை விடாவிட்டால் ஆள் தேறமாட்டார்" என்று டாக்டர் அவர் மனைவி பேச்சியிடம் சொல்லிவிட்டார். பேச்சி அழுதாள். மறுநாளே வீரணன் தன் கூட்டாளியை இழுத்துவந்தார். "இவனும் எங்கூடத்தான் அம்புட்டும் குடிக்கிறான். இவனுக்கு ஒண்ணுமில்ல. அப்பக் கோளாறு சாராயத்துல இல்லையே?"

டாக்டர் கூட்டாளியைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அந்த ஈரல் வீரணனுடையதைவிட மோசம். கேட்டதும் கூட்டாளி கட்டிலைவிட்டுக் குதித்தார். என்மேல்தான் பாய்ந்தார்.

"நல்லாத்தான்யா இருந்தேன்! துணைக்கு வந்தவனுக்கும் நோயக் குடுத்துப்புட்டீகளே!"

நேர்த்திக்கடன்

பயந்துபோய் வீரணன் கொஞ்ச நாள் குடிக்கவில்லை. வயிறு வற்றியது. எனக்கே சந்தோஷம். பிறகு பார்த்தால் மறுபடி பானை!

விசாரித்தேன். வயிறு வற்றினால் சாராயமும் சுருட்டும் படைப்பதாகப் பேச்சி கருப்பசாமிக்கு வேண்டியிருந்தாளாம். போலீசுக்குப் பயந்து முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்ப் படைத்திருக்கிறாள். சாமிக்கு வைத்ததைக் கீழே ஊற்றலாமா? வீரணன் பயபக்தியோடு குடித்து முடித்துவிட்டார். "ஏம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினேன். பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கத்தாதீக கம்பவுண்டரய்யா. அறுபடப் போறது என் தாலி. இவரு விடுற வரைக்கும் உனக்கும் சாராயம் கெடையாது, எளநிதான்னு கருப்பங்கிட்டயே மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புட்டுத்தான் வாரேன்!"

உம்மென்று ஒரு சாமி

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வயிற்றில் கோத்த நீரை ஊசியால் எடுத்து அனுப்பினார். இனி இந்த ஆளைப் பார்க்கமாட்டோம் என்றுதான் நினைத்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

கருப்பசாமிக்கு ஊர்ப் பூசை முடிந்து சில மாதம் கழித்து வீரணன் தன் காலால் நடந்து வந்தார். கண்ணில் மஞ்சள் இல்லை, வயிறும் ஒட்டியிருந்தது. "எப்படி ஓய் விட்டீர்?" என்றேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்.

"எம்பொருட்டு அந்தச் சாமி எளநிய முன்னால வச்சுக்கிட்டு உம்முனு நிக்கிது. அத விட்டுப்புட்டு எனக்கு மட்டும் எப்படிய்யா தொண்டையில எறங்கும்?"

இத்தனை மிக்சர் கலக்கியும் ஒருவர் குடியைக்கூட நிறுத்த முடியாத எனக்கு, ஒரு சாமி குடியை நிறுத்தியதைக் கேட்கும் பாக்கியமாவது கிடைத்தது.